இடம் மாறிய லென்ஸ் – அத்தியாயம் 11

வரும் திங்கட்கிழமை ஆர்மண்ட் பெலுச்சி முதியோர் இல்லத்துக்குப் போகிறார். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டார். மகள் லோரெய்னுக்கு அதுதான் உறுத்தியது. அப்பா சண்டை போட்டிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

போன வசந்தத்தில் வந்த பக்கவாதம் அவருடைய இடது கையை முடக்கிப் போட்டுவிட்டது. அவர் இடது கைக்காரர். சாப்பிட, கையெழுத்துப் போட, புதன்கிழமைகளில் கிளப்பில் பில்லியர்ட்ஸ் ஆட, எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான். ஆஸ்பத்திரியில் ஒரு வி.ஆர். ஹெட்செட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். முகத்தில் மாட்டிக்கொண்டால் உள்ளே பலூன்கள் மிதந்து வரும். விழுந்த கையைத் தூக்கி அவற்றை உடைக்க வேண்டும். ஆரம்ப மாதங்களில் விடாமல் செய்தால் கை ஓரளவு திரும்பும் என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். ஆர்மண்ட் இரண்டு வாரம் முயன்றார். மாட்டும்போதெல்லாம் வாந்தி எடுத்தார். பிறகு கழற்றி வைத்துவிட்டார்.

"எதையும் பாதியில விடுற ஆளுதானே நீங்க. அம்மாவையும் அப்படித்தானே விட்டீங்க," என்று மகன் டீன் அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தினான். அன்றைக்கு பஃபலோ நகரத்துக்குப் போனவன் நவம்பரில் நன்றித் திருநாளுக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. இன்று வருகிறான். அப்பாவின் பெட்டிகளை வண்டியில் ஏற்ற.

லோரெய்ன் காலையிலிருந்து நிலவறையில் வேலையாக இருந்தாள். வேலை நடப்பது அப்பாவின் பில்லியர்ட்ஸ் மேஜையின்மேல். பச்சைத் துணி கெடாமலிருக்க ஒரு ஒட்டுப்பலகையைப் போட்டு, அதன்மேல் முப்பரிமாணப் பிரிண்டரையும் லென்ஸின் பவர் பார்க்கும் கருவியையும் வைத்திருந்தாள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஹெட்செட் ஒரு தொல்லை. பிரேம் மூக்கை அழுத்தும், உள்ளேயிருக்கும் லென்ஸில் கீறல் விழும். அவர்களுக்காக ஒரு பிளாஸ்டிக் வளையம் அச்சடித்து, அவரவர் பவருக்கு ஏற்ற லென்ஸை அதில் பொருத்தி, ஹெட்செட்டின் கண்களுக்கு மேல் மூடி மாதிரி மாட்டிக் கொடுப்பாள். லென்ஸுக்கென்று தனியாக எங்கும் போவதில்லை. மலிவான வட்டக் கண்ணாடி ஒன்றை அந்தப் பவரில் வரவழைப்பாள். கட்டைவிரலால் அழுத்தினால் லென்ஸ் பிரேமிலிருந்து வெளியே வந்துவிடும். இருபது வருடத்துக்கு மேல் கண்ணாடிக் கடையில் நின்றவள். கடையை மூடினார்கள், இதில் இறங்கினாள். பிழைப்பு ஓடியது.

பின்கதவைத் தட்டாமலே யோலண்டா படியிறங்கி வந்தாள். அடுத்த தெருக்காரி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். காலை நடைக்கும் மதிய நடைக்கும் நடுவில் வந்திருந்தாள். பூட்ஸில் ஒட்டியிருந்த அழுக்குப் பனி ஒவ்வொரு படியிலும் உதிர்ந்தது. கையில் ஒரு பழைய ஹெட்செட்.

"தங்கம், என்னைக் கொல்லப் பாத்தியே," என்றாள்.

"என்ன ஆச்சு?"

"நேத்து மாட்டினேன். ஜார்ஜியாவுல என் தங்கச்சி காத்துட்டிருக்கா, சேர்ந்து மினி கோல்ஃப் ஆடணும்னு. பந்தைக் காணோம். குழியைக் காணோம். அவ சிரிக்கிறா, நான் சோபாவைக் கட்டிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். குளத்துல முங்கிக் கண்ணைத் தொறந்த மாதிரி இருந்துச்சு."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிட்டா சரியாயிடும்."

"என்னத்தைப் பழகுறது? வண்டி நிறைய பிசாசுங்களை ஏத்திட்டு இந்தப் பனியில பஸ் ஓட்டுறவ நான். எனக்குத் தலை சுத்தாது." யோலண்டா ஸ்டூலை இழுத்துப் போட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்தேன். என் நல்ல கண்ணுக்கு சோடா பாட்டில் அடிப்பாகத்தை வெச்சிருக்கே. கெட்ட கண்ணுக்கு ஜன்னல் கண்ணாடியை வெச்சிருக்கே."

லோரெய்ன் லென்ஸ் இரண்டையும் கழற்றிக் கருவியில் வைத்துப் பார்த்தாள். பவர் இரண்டும் அச்சாகச் சரியாக இருந்தன.

"பவர்ல தப்பில்லையே, யோலண்டா."

"பவர்ல தப்பிருக்குன்னு நான் சொல்லலியே. எங்கே, என் முன்னாடி ஒருதடவை மாட்டிக் காட்டு."

லோரெய்ன் ஹெட்செட்டை லென்ஸ் பக்கம் தன்னைப் பார்க்கும்படி வைத்தாள். வலது கண் வளையத்தை எடுத்தாள். கை தானாக அவளுடைய இடது பக்கம் போய்ச் சொருகியது.

"அது என் இடது கண்ணு," என்றாள் யோலண்டா.

"இல்ல, இது வலது."

"நீ இப்ப இருக்கிற பக்கத்துலேர்ந்துதான் நான் இதை மூஞ்சில மாட்டுவேன், தங்கம். உன் வலதுதான் என் வலது. நான் இங்க எதிர்ல உட்கார்ந்திருக்கேன்கறதுக்காக மாத்திப் போடுவியா?"

லோரெய்ன் தன் கையைப் பார்த்தாள். இருபது வருடமாக ஆட்கள் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய வலது கண் எப்போதும் அவளுடைய இடது கைப்பக்கம். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது, மூச்சு விடுவதைப் போல. ஆனால் ஹெட்செட் எதிரில் உட்காரும் முகமில்லை. அவளே மாட்டிக்கொள்ளப் போவது மாதிரி அவளைப் பார்த்துக் கிடப்பது.

இப்போதைய வளையங்களில் இந்தத் தப்பு நடக்க வழியில்லை. மூக்குக்கு இடம் விட்டு ஓரத்தில் வெட்டியிருக்கும், ஒரு பக்கம்தான் பொருந்தும். யோலண்டாவுடையது பழைய மாடல். அதற்கு முதன்முதலில் அச்சடித்த உருண்டை வளையங்கள் ஒரு டப்பாவில் மிச்சமிருந்தன. இந்தப் பக்கமும் மாட்டலாம், அந்தப் பக்கமும் மாட்டலாம். வீணாக வேண்டாமே என்று அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள்.

மாற்றிப் போட்டுக் கொடுத்தாள். யோலண்டா மாட்டிக்கொண்டு நிலவறைச் சுவரை நோக்கி வெறும் கையால் ஒரு பந்தைத் தட்டினாள்.

"ஆஹா. புல்லுகூடத் தெரியுது. இன்னிக்கு அவளை அழ வைக்கறேன் பாரு." கழற்றியதும் லோரெய்னின் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். "இதுக்கு ஏன் இப்படி வெளுத்துப் போறே? ஒரு நாள் தலைவலி, அவ்வளவுதான். நான் ஒண்ணும் கேஸ் போட மாட்டேன்."

"இல்ல, ஒண்ணுமில்ல."

அவள் போனதும் லோரெய்ன் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்பாவின் ஹெட்செட்டைத் திருப்பிக் கேட்கவே இல்லை. போன கோடையில் தூக்கிப் போட்டபடியே கிடந்தது. அதே மாடல். அதே உருண்டை வளையங்கள். அந்த வளையத்தை அப்பாவுக்காகத்தான் டீன் முதலில் கம்ப்யூட்டரில் வரைந்தான்.

அப்பாவுக்கு இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்தக் கண்ணுக்குப் பவரே தேவையில்லை. வலது கண் மைனஸ் ஏழு. கருவிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. விரலால் தடவினாள். ஓரம் தடித்த மைனஸ் லென்ஸ் இடது பக்கம் இருந்தது.

படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு, லோரி," என்று அன்றைக்கு அவர் சொன்னார். வாளியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "கண்ணாடியில ஏதோ தப்பு."

"கண்ணாடியில ஒண்ணுமில்லப்பா. பவரை ரெண்டு தடவை பாத்துட்டேன். இது மூளை. ஸ்ட்ரோக்னால வர்றது."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கண் விஷயத்தில் அந்த வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைத் தன் முகத்தில் மாட்டிப் பார்த்திருந்தால் போதும். மாட்டவில்லை. வாந்தி நாற்றம் அடித்தது, அதனால் மாட்டவில்லை. உண்மையான காரணம் அதுதான், அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

அவள் லென்ஸ்களை இடம் மாற்றினாள். ஹெட்செட்டை சார்ஜில் போட்டாள். இதெல்லாம் எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

மேலே ஆர்மண்ட் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை ஒரு கையால் மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு என்று சொல்ல முடியாது, சுருட்டல்.

"லோரி, மீன் வாங்கப் போறியா? சாஸ் ரெண்டு கேளு. கஞ்சப் பசங்க, கேக்காட்டி ஒண்ணுதான் வைப்பானுங்க."

"சரிப்பா."

"டீன் வர்றான்ல?"

"வர்றான்."

"அவன்கிட்ட ஒண்ணு பேசணும்," என்றார். அடுத்த சட்டையை எடுத்தார்.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சிக்குப் பதில் மீன் சாப்பிடும் நாள். மாதா கோயில் மண்டபத்தில் மீன் பொரிக்கும் வாசனை வண்டி நிறுத்துமிடம் வரை வந்தது. டீன் நேராக அங்கேயே வந்து வரிசையில் நின்றிருந்தான். தாடி விட்டிருந்தான், அதில் நரை. அக்காவைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தான்.

"என்னடா, மண்டபத்துலயே குடி வந்துட்டியா? வீட்டுக்கு வந்திருக்கலாம்ல?"

"தனியா அவர் முன்னாடி போய் நிக்கவா? உன்கூட வர்றேன்." அட்டைப் பெட்டிகளை வாங்கிக்கொண்டான். "நான் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன். வேணா பெட்டி தூக்கறேன்."

வண்டிக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருப்பாமல், அவள் சொன்னாள். யோலண்டாவிலிருந்து ஆரம்பித்து அலமாரி வரை. டீன் மடியிலிருந்த பெட்டிகள் சூடாக இருந்தன. அவன் அவற்றை நகர்த்தவில்லை.

"முதல் நாள்லேர்ந்தா?" என்றான்.

"முதல் நாள்லேர்ந்து."

"வளையத்துல மூக்குக்கு வெட்டு விடுன்னு நீ சொன்ன. அப்புறம் பண்ணிக்கலாம்னேன். அவசரம் எனக்கு." வண்டிக் கண்ணாடியில் படிந்த ஆவியைப் புறங்கையால் துடைத்தான். வெளியே ஒன்றும் இல்லை, குவித்துத் தள்ளிய பனி மட்டும். "அவர்கிட்ட சொல்லாத, லோரி."

"ஏன்?"

"அவர் ஒரு முடிவுக்கு வந்துட்டார். சமாதானமா இருக்கார். இப்ப போய்ச் சொன்னா என்ன கிடைக்கும்? கை கிடைக்குமா?"

"தன் மேல தப்பில்லைன்னு தெரியும்ல."

"தெரிஞ்சு? இல்லத்துல உட்கார்ந்து சுவரைப் பாத்துட்டு, என் பொண்ணு கெடுத்தா, என் பையன் அதுக்கு என்னையே திட்டினான்னு யோசிக்கட்டுமா? இப்ப இருக்கிறது அதைவிடத் தேவலை."

"அவருக்குத் தேவலையா, உனக்குத் தேவலையா?"

டீன் மேலே இருந்த பெட்டியின் மூடியை அழுத்தி மூடினான்.

"எனக்குத்தான்," என்றான். "சொன்னா நான் யாரு? வாந்தி எடுத்துட்டு உட்கார்ந்திருந்த மனுஷனை நாய் மாதிரி கடிச்சவன். இத்தனை மாசம் நான் நியாயம்னு நினைச்சுட்டு இருந்தேன். அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துது."

அவள் வண்டியைக் கிளப்பினாள். சொல்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆர்மண்ட் வலது கையால் முள்கரண்டியைச் சுத்தியல் மாதிரி பிடித்து மீனைக் குத்தினார். துண்டு வழுக்கிப் பக்கத்திலிருந்த முட்டைக்கோஸில் விழுந்தது. டீன் வெட்டிக் கொடுக்கக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டான்.

"பஃபலோவுல பனி எப்படி?"

"இங்க மாதிரிதான். கொஞ்சம் கூட."

"அங்க மீன் நல்லா இருக்காது."

"சுமாரா இருக்கும்."

ஆர்மண்ட் முள்கரண்டியை வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லப் போகிறவரைப் போல முதுகை நிமிர்த்தினார்.

"டீன், நீ அன்னிக்குச் சொன்னதுல எனக்குக் கோபம். வீட்டைவிட்டுப் போடான்னேன். ஆனா யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னது சரி. நான் விட்டுட்டேன். உங்க அக்கா உட்கார்ந்து கண்ணாடி பண்ணிக் கொடுத்தா. நீ ராவும் பகலுமா அந்த வளையத்தை வரைஞ்சே. நான் ரெண்டு வாரத்துல தூக்கிப் போட்டேன். என்னைப் பாத்துக்கற வேலையை இனிமே உங்க தலையில கட்ட மாட்டேன். அதுக்குத்தான் போறேன். மன்னிச்சுடு."

டீன் தட்டைப் பார்த்தான். பிறகு லோரெய்னைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

"அப்பா, லென்ஸை மாத்திப் போட்டுட்டேன்," என்றாள் லோரெய்ன்.

"எந்த லென்ஸ்?"

"உங்க ஹெட்செட்ல. வலது கண்ணுது இடதுல இருந்துது. இடது கண்ணுது வலதுல. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன். நீங்க தண்ணி மாதிரி இருக்குன்னு சொன்னீங்கள்ல, அது அப்படித்தான் இருந்திருக்கும். யாரு போட்டாலும் வாந்தி வந்திருக்கும்."

ஆர்மண்ட் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

"இப்ப மாத்திட்டேல்ல?" டீன் அவசரமாகக் கேட்டான். "இப்பகூடப் பண்ணலாம்ல? பண்ணினா வரும்ல?"

"கொஞ்சம் வரலாம். அந்தப் பொண்ணு சொன்ன காலம் போயிடுச்சு, டீன்."

"அதைக் கொண்டு வா," என்றார் ஆர்மண்ட்.

டீன்தான் மாட்டிவிட்டான், பின்பட்டையைத் தளர்த்தி, காதில் இடிக்காமல். ஹெட்செட்டோடு வந்த கைப்பிடியை இடது கையில் சேர்த்துக் கட்டினான். ஹெட்செட்டிலிருந்து மெல்லிய இசை கசிந்தது, குழந்தைகள் சாமான் கடையில் கேட்பது மாதிரி. ஆர்மண்டின் வாய் லேசாகத் திறந்தது.

"சிவப்பு," என்றார். "மஞ்சள் ஒண்ணு. நூல்கூடத் தெரியுது."

அவருடைய இடது தோள் எழும்பியது. தோள் மட்டும். அதற்குக் கீழே கை ஈரத் துண்டு மாதிரி தொங்கியது. பலூன் ஒன்று தப்பிப் போகும்போதெல்லாம் ஹெட்செட்டுக்குள் ஒரு மணி அடித்தது. அது பல தடவை அடித்தது. அவர் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல இருவருக்கும் தைரியமில்லை.

பிறகு அவரே கழற்றினார். மூக்கின்மேல் தடம் பதிந்திருந்தது.

"நான் பொய் சொல்லலை," என்றார், யாரையும் பார்க்காமல்.

"இல்லப்பா."

"படுத்துட்டு யோசிப்பேன். நிஜமாவே தண்ணி மாதிரிதான் தெரிஞ்சுதா, இல்ல கை வலிக்குப் பயந்து நானே கட்டின கதையான்னு. கடைசியில கதைதான்னு முடிவு பண்ணிட்டேன். அதை நம்பியும் பழகிட்டேன்."

"அப்பா, மன்னி..."

"அது இருக்கட்டும்," என்று வெட்டினார். அந்தக் குரலை அவர்கள் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை. "அதை இப்ப எடுக்காத. மன்னிக்கறேன்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வராது. நீயும் சும்மா இரு, டீன், என் சாமான் பெட்டியைத் தொடாத. முதல்ல இதைச் சொல்லு. அந்த உருண்டை வளையம் வேற யாருக்குக் கொடுத்த?"

"யோலண்டாவுக்கு. சரி பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

ஜனவரியில் பயிற்சி கொடுக்கும் பெண் போன் செய்திருந்தாள். இன்னொரு நோயாளி, கண்ணாடிக்காரர், அதே மாடல், ஒரு ஜோடி பண்ணித் தர முடியுமா என்று. லோரெய்ன் சந்தோஷமாகச் செய்து, ஹெட்செட்டில் பொருத்தியே கொடுத்தனுப்பினாள். ஆளின் பெயர்கூட ஞாபகமில்லை. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவரா, வேறு வேறா என்பதும் ஞாபகமில்லை.

"ஆஸ்பத்திரி மூலமா ஒருத்தருக்கு," என்றாள்.

"வெர்ன்," என்றார் ஆர்மண்ட். "கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஸ்ட்ரோக் வந்தவன். நடைப் பயிற்சிக்குப் போறப்ப பக்கத்து நாற்காலியில உட்காருவான். போன மாசம் என்கிட்ட சொன்னான், அந்தப் பெட்டியைப் போட்டா தண்ணிக்குள்ள முங்கின மாதிரி இருக்குன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் பொண்ணுக்குக் கண்ணைப் பத்தி எல்லாம் தெரியும், அது கண்ணாடி இல்ல, மூளைன்னு சொல்லியிருக்கான்னேன். அவனும் சரின்னுட்டான்."

டீன் எழுந்து, எதற்கென்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தான்.

ஆர்மண்ட் சட்டைப் பையிலிருந்து வலது கையால் போனை எடுத்தார். மேஜையில் வைத்து, கட்டைவிரலால் தேடி, அழுத்தினார். சத்தத்தைக் கூட்டி வைத்தார். மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது.

"ஆர்மண்டா?" வெர்னின் மனைவி, களைத்துப்போன குரல். "நல்லவேளை, நீங்களே கூப்பிட்டீங்க. வெர்னுக்கு நீங்களாவது கொஞ்சம் புத்தி சொல்லுங்க. அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேங்கறார். நானும் கெஞ்சிட்டேன், பையனும் வந்து கத்திட்டுப் போயிட்டான். இப்படி ஒரு சோம்பேறி மனுஷனை நான் பார்த்ததே இல்ல."

ஆர்மண்ட் போனை மேஜைமேல் லோரெய்ன் பக்கமாகத் தள்ளினார்.